ஸ்பேசருக்கு அஞ்சு நட்சத்திரம், ஸ்டீராய்டு பம்புக்கு மூணு

ரங்கூன் பிரேசர் தெருவில், இப்போது அனோரத்தா ரோடு, முப்பத்தோரு வருஷம் விறகடுப்பில் வடை போட்டவன் நான். அடுப்புப் புகை போதாதென்று சுருட்டு வேறு. நுரையீரல் எத்தனை நாள் தாங்கும்? சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்கிற நோய் என்றார்கள். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்மெட்ரால், ஸ்டீராய்டான ஃப்ளூட்டிகசோன் ரெண்டும் கலந்த, வாயில் வைத்து அமுக்கி இழுக்கிற பம்ப் எழுதினார்கள். காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஒரு பம்பில் 120 அமுக்கல், சரியாக முப்பது நாள்.

முதல் மூணு மாசம் குறை சொல்ல ஒன்றுமில்லை. காளி கோயில் வரைக்கும் நடுவில் நிற்காமல் போய்வந்தேன். நாலாவது மாசம் மொஹிங்கா, அந்த பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ், மண்ணைத் தின்கிற மாதிரி ஆகிவிட்டது. மீன் வாசமே இல்லையே என்று வீட்டில் சத்தம் போட்டேன். வீட்டுக்காரி என் நாக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டு, சுரண்டினால் அடியில் சிவப்பு. பூஞ்சை! ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பணும் என்று மருந்துக்கடையில் ஒருத்தரும் சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததோடு சரி.

அப்புறம்தான் ஸ்பேசர் வாங்கினேன். பிளாஸ்டிக் குழல், அவ்வளவுதான். ஒரு பக்கம் பம்பைச் செருகி அமுக்கினால் மருந்து தொண்டையில் அடிக்காமல் உள்ளே புகையாக நிற்கும், நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். பெரிய துளிகள் குழலிலேயே தங்கிவிடும், நாக்கில் படியாது. வால்வு 'டிக்' என்று திறந்தால் சரியாக இழுக்கிறோம் என்று அர்த்தம். கழுவினபின் துணியால் துடைக்கக் கூடாது. தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தெல்லாம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் வீட்டுக்காரி பழைய வேட்டியால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள், பாவம். சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால் போதும். கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசர் மெஷினை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பம்புக்கு ஏன் ரெண்டு நட்சத்திரம் குறைத்தேன் என்றால், மழைக்காலத்தில் குளிர் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் வெள்ளை. நிமோனியா, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அங்கிருந்த பர்மாக்கார டாக்டரம்மா முதலில் கேட்டது, முன்னே டி.பி. வந்திருக்கா என்றுதான். 31 வயசில் வந்தது, முழு மருந்தும் சாப்பிட்டேன். பம்ப் எழுதினவர் அதைக் கேட்கவே இல்லை.

ஸ்டீராய்டு மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கும், கூடவே கிருமியைத் தடுக்கிற காவலையும் கொஞ்சம் தளர்த்திவிடும் என்றார். சி.ஓ.பி.டி. காரர்களை வைத்துச் செய்து 2007-ல் வெளியான டார்ச் என்ற ஆய்வின் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். 6,000 பேருக்கு மேல், மூணு வருஷம். இதே கலவை எடுத்தவர்களில் நூற்றுக்கு 19.6 பேருக்கு நிமோனியா, மருந்தில்லாத பம்ப் எடுத்தவர்களில் 12.3. திடீரென்று மூச்சு முட்டி மோசமாவது கால்வாசி குறைந்ததும் உண்மை, அதையும் மறைக்கவில்லை. அதில் கொடுத்த அளவுதான் எனக்கும்.

காய்ச்சல் விட்டபின் ரத்தம் பார்த்தார். ஈசினோஃபில் என்கிற ஒரு வகை வெள்ளையணு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டால் நல்ல பலன், 100-க்குக் கீழே என்றால் சொற்பம். எனக்கு 80. மூச்சுக்குழாயை விரிக்கிற ரெண்டு மருந்து மட்டும் உள்ள பம்பாக மாற்றினார்.

என் கதையைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஆஸ்துமாப் பிள்ளையின் பம்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். ஓடிப்போய்ச் சொன்னேன்: "யம்மா, அவனுக்கு ஸ்டீராய்டுதான் முக்கிய மருந்து, என் நோய் வேற." சி.ஓ.பி.டி. காரர்களும் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்த வேண்டாம், ஈசினோஃபில் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஸ்பேசர் வாங்கும்போது பம்பைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பாருங்கள். நான் முதலில் வாங்கினது தொளதொளவென்று இருந்தது, மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள்.