சோலார் பேனல் போட்டிருக்கிறீர்களா? கனெக்டரின் இரண்டு பாதியையும் பாருங்கள்

மதுரைப் பக்கம் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டவர்களும் போடப் போகிறவர்களும் இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். ஒத்தக்கடையில் எங்கள் வீட்டில் பேனல் நல்ல பேனல், இன்வெர்ட்டரும் நல்ல இன்வெர்ட்டர். இரண்டையும் சேர்க்கும், கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் கனெக்டரில்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

சித்திரை வெயில் உச்சிக்கு வந்த நேரம். மாடியில் வற்றல் காயப்போடப் போன அம்மாவுக்குத்தான் முதலில் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் தெரிந்தது. பேனலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், ஒரு கனெக்டர் உருகி வளைந்து தொங்குகிறது. அதையொட்டி கேபிளின் மேலுறையும் கருகியிருந்தது. அந்த இடத்தில் காய்ந்த கீற்றோ சாக்கோ கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேலை எடுத்துச் செய்தவரைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தவர் எடுத்த எடுப்பிலேயே, “எலி கடித்திருக்கும் அண்ணே” என்றார். எலி கடித்தால் பல் தடம் இருக்கும். உள்ளே இருக்கும் உலோகம் நீலம் பாரித்துக் கறுத்துப் போகாது. கேபிளை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கம்பியை உலோக முனையோடு இறுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டிய இடத்தைச் சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள். செம்புக் கம்பிகளில் பாதி பிடிக்குள்ளேயே இல்லை.

அதைவிடப் பெரிய தவறு கனெக்டரின் மேலேயே இருந்தது. பேனலோடு தொழிற்சாலையிலிருந்து வந்த பாதியில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தது. இவர் கேபிளில் மாட்டிய பாதியில் எந்தப் பெயரும் இல்லை. கொட்டேஷனில் ‘ஒரிஜினல் எம்சி4’ என்று எழுதி, அதற்கென்று தனியாகப் பணமும் வாங்கியிருந்தார். இதைக் காட்டிக் கேட்டதற்கு, “பெயரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? மாட்டும்போது கிளிக் என்று சத்தம் வந்ததா இல்லையா? வந்தால் பொருந்திவிட்டது” என்றார்.

இந்தப் பதிலை நம்பித்தான் பல வீடுகளில் ஆபத்து மாடியில் உட்கார்ந்திருக்கிறது.

எம்சி4 என்பது இந்த வகைக் கனெக்டரின் பெயர். எம்சி என்பது இதை உருவாக்கிய மல்டி கான்டாக்ட் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். 4 என்பது உள்ளே இருக்கும் தொடர்பு முனையின் விட்டம், 4 மில்லிமீட்டர். பிறகு பல நிறுவனங்கள் அதே உருவத்தில் செய்து விற்கத் தொடங்கின. இப்போது கடையில் எல்லாவற்றுக்கும் எம்சி4 என்றுதான் பெயர். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் அளவிலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் பிடியிலும், உலோகப் பூச்சிலும், பிளாஸ்டிக்கிலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறது. வெளியே கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். உள்ளே உலோகத்தோடு உலோகம் முழுதாகத் தொடாது. நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையவே நுழையாது. தவறாக மாட்ட முடியாதபடி அளவையே மாற்றி வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. பொருந்தாததும் பொருந்தியதுபோலவே உட்கார்ந்துகொள்ளும்.

540 வாட் பேனலில் நல்ல வெயிலில் ஏறக்குறைய 13 ஆம்பியர் ஓடும். இணைப்பில் மின்தடை 0.1 ஓம் அளவுக்கு ஏறினாலே 17 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சாலிடரிங் அயர்னை அந்த பிளாஸ்டிக்குக்குள் வைத்துப் பகல் முழுக்க எரியவிடுவதற்குச் சமம் அது. போதாததற்கு இது டிசி, அதாவது ஒரே திசையில் விடாமல் ஓடும் மின்சாரம். நம் வீட்டு பிளக்கில் வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் அதில் எழும் பொறி அணைய வாய்ப்புண்டு. டிசியில் அது விடாமல் எரியும். எங்கள் மாடியில் ஆறு பேனல்கள் தொடராக இருக்கின்றன, 200 வோல்ட்டுக்கு மேல் வரும். அதனால்தான் ஐஇசி 62548 என்ற சர்வதேசத் தரவிதி, சேர்க்கப்படும் இரண்டு பாதிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்கிறது.

பழுது பார்க்கிறேன் என்று வந்தவர் கொண்டுவந்தது இன்னொரு பெயரில்லாத பாதி. அதுவும் தப்பான பாதி! ஒரு பாதி ஆணா (male), பெண்ணா (female) என்பதை வெளி பிளாஸ்டிக்கைப் பார்த்துச் சொல்லக் கூடாது, உள்ளே இருக்கும் உலோகத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். எம்சி4-இல் நீட்டிக்கொண்டிருக்கும் பின் அகலமான கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். பார்வைக்குப் பெண் பாதிபோலத் தெரியும், ஆனால் அதுதான் ஆண் பாதி. துளையுள்ள உலோகமோ ஒடுங்கிய கூட்டுக்குள் இருக்கும், அது பெண் பாதி. இதுகூடத் தெரியாத ஒருவரை நம் வீட்டு மாடிக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

வீட்டு மாடி சோலாருக்கான பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024-இல் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் இந்தத் தொழிலில் ஆட்கள் பெருகிவிட்டார்கள். நன்றாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே முழுப் பணத்தையும் கொடுக்கும் முன்னால், பேனலின் விவரத் தாளில் எந்தக் கனெக்டர் என்று போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே நிறுவனத்தின் அதே மாடலைக் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். ‘எம்சி4’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். மாட்டும்போது இரண்டு பாதியின் பெயரும் தெரியும்படி ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரிம்பிங் கருவி கையில் இல்லாதவரை வேலையைத் தொட விடாதீர்கள். பேனலோடு வந்த பாதியை வெட்டி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம் என்று யாராவது சொன்னால், பேனல் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கண்ணால் மட்டும் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலும், உருகல் தெரிந்தாலும், இரண்டு பாதியில் இரண்டு பெயர் இருந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள். மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிரிக்கவே கூடாது. கைக்கருகிலேயே பொறி பாயும். முதலில் இன்வெர்ட்டரையும், பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரையும் அணைக்க வேண்டும்.

மாற்றுவதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மானியத் திட்டத்தில் போட்ட அமைப்பை 5 ஆண்டுகள் பராமரிப்பது நிறுவியவரின் பொறுப்பு. எங்களிடம் பணம் கேட்டார். மறுத்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அவர் இறங்கி வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கருகிய கனெக்டரையும் கொட்டேஷனையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எரிந்த பொருளை அவர்கள் கையில் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். எங்களிடமும் முதலில் அதைத்தான் கேட்டார்.