ஒளியின் கட்டத்தை மாற்ற எந்தத் திரவப் படிகம்: நெமாட்டிக்கா, ஃபெரோஎலக்ட்ரிக்கா?

லேசர் கற்றையின் அலைமுகப்பை, அதாவது ஒவ்வோர் இடத்திலும் ஒளியலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்ற கட்டத்தை (phase), படப்புள்ளி வாரியாக மாற்றி ஹோலோகிராம் உருவாக்கவோ, நுண்துகள்களை ஒளியால் பிடித்து நகர்த்தவோ முனைகிறவர் முன் இரண்டு வகைத் திரவப் படிகக் கருவிகள் இருக்கின்றன: நெமாட்டிக், ஃபெரோஎலக்ட்ரிக். பெரும்பாலும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். ஆனால் மூலக்கூறுகள் மின்புலத்துக்கு எவ்வாறு இணங்குகின்றன என்பதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

நெமாட்டிக் படிகத்தில் மின்னழுத்தம் கூடக் கூட மூலக்கூறுகள் சிறிது சிறிதாகச் சாய்கின்றன. அவற்றின் நீளவாக்கில் தளவிளைவுற்ற (அந்த ஒரே திசையில் அதிரும்) ஒளிக்கு ஒளிவிலகல் எண் அதற்கேற்பக் குறைந்துகொண்டே வருவதால், 0 முதல் 2π (ஒரு முழு அலை) வரை எந்தக் கட்டத்தையும் தொடர்ச்சியாகப் பெறலாம். அந்த வரம்பில் 8 கட்டப் படிநிலைகள் இருந்தாலே, விரும்பிய திசைக்குச் செல்லும் ஒளி கோட்பாட்டளவில் 95 சதவீதத்தைத் தொடும். குறை வேகத்தில் இருக்கிறது. மின்புலம் மூலக்கூறுகளைச் சாய்க்க மட்டுமே உதவுகிறது. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது படிகத்தின் மீட்சி விசைதான், அதற்கு ஆகும் நேரமோ படலத் தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் உள்ள ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு 0.2 என்று கொண்டால், 633 நானோமீட்டர் ஒளிக்கு முழு 2π பெற ஏறத்தாழ 3.2 மைக்ரான் தடிமன் வேண்டும். சிலிக்கான் சில்லின் மேல் கண்ணாடிபோல் எதிரொளிக்கும் அமைப்பில் ஒளி படலத்தை இருமுறை கடப்பதால் 1.6 மைக்ரானே போதும், மீளும் நேரமும் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. மின்சுற்று முழுவதும் கண்ணாடிக்குக் கீழே மறைந்துவிடுவதால் ஒளியை அது தடுப்பதும் இல்லை. ஒளி ஊடுருவிச் செல்லும் பழைய அமைப்பைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்காததற்கு இவையே காரணங்கள்.

1980இல் நோயல் கிளார்க்கும் ஸ்வென் லாகர்வாலும் முன்வைத்த ஃபெரோஎலக்ட்ரிக் அமைப்பில் மூலக்கூறுகளுக்கு நிலையான மின்முனைவு உண்டு. ஆகவே அவை மின்புலத்தின் திசையையே பின்பற்றுகின்றன. போவதும் திரும்புவதும் இரண்டுமே மின்புலத்தால் நடப்பதால், மில்லிவினாடிகளில் நடந்த வேலை மைக்ரோவினாடிகளில் முடிகிறது. ஆனால் நிலைகள் இரண்டே, கட்டம் 0 அல்லது π. இந்த π வேறுபாடு படலத்தின் தடிமனையோ அலைநீளத்தையோ சார்ந்திராமல் துல்லியமாகக் கிடைப்பது அழகானது என்றாலும், ஒளியிழப்பு கடுமையானது. இருநிலைக் கட்டமைப்பு ஒரு திசைக்கு அனுப்பக்கூடியது அதிகபட்சம் 40.5 சதவீதம், எதிர்த்திசையில் ஓர் இரட்டைப் பிம்பமும் சேர்ந்தே தோன்றும். ஒளியச்சு (மூலக்கூறுகள் நீண்டிருக்கும் திசை) 45 பாகை மட்டுமே திரும்பும் வழக்கமான படிகங்களில் அதிலும் பாதி தளவிளைவாக்கியில் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிப்பானில்) போய்விடுவதால், மிஞ்சுவது 20 சதவீதம்தான்.

இரண்டு படலங்களிலும் ஒரே திசையில் மின்னழுத்தம் நீடித்தால் அயனிகள் ஓரத்தில் சேர்ந்து படலத்தைக் கெடுக்கும். நெமாட்டிக் மூலக்கூறுகள் மின்புலத்தின் திசையைப் பொருட்படுத்துவதில்லை. மாறுதிசை மின்னழுத்தமே போதும். ஃபெரோஎலக்ட்ரிக்கில் ஒவ்வொரு பிம்பத்துக்கும் அதன் எதிர்ப்பிம்பத்தையும் (இரு நிலைகளும் இடம் மாறிய பிம்பத்தையும்) அதே அளவு நேரம் காட்ட வேண்டும். சாதாரணத் திரையில் இது பெருந்தொல்லை. ஆனால் இருநிலைக் கட்ட ஹோலோகிராமில் 0வையும் πயையும் இடம் மாற்றினாலும் தொலைவில் விழும் ஒளிச்செறிவு மாறுவதில்லை என்பதால், இந்தத் தொல்லை தானாகவே நீங்கிவிடுகிறது. ஹோலோகிராம்களை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் மாற்ற வேண்டிய சோதனைகளுக்கு ஃபெரோஎலக்ட்ரிக்கையே நான் தேர்வேன்.

ஒளியிழை வலையமைப்புகளில் அலைநீளங்களைப் பிரித்து அனுப்பும் நிலைமாற்றிகளில் நிலைமை நேர்மாறானது. 1550 நானோமீட்டருக்குத் தடிமன் ஏறத்தாழ இரண்டரை மடங்காவதால் நெமாட்டிக் படலம் ஆறு மடங்கு மெதுவாகிறது. ஆயினும் அங்கே பாதைகள் அரிதாகவே மாற்றப்படுகின்றன. இழக்கும் ஒவ்வொரு டெசிபெல்லையும் பெருக்கிகள்தான் ஈடுசெய்ய வேண்டும். அதனால் அங்கே நிலைபெற்றது நெமாட்டிக்.