முதல் காம்பவுண்டு வில்: அமெரிக்க வில்லா, சீன வில்லா, பழைய வில்லா?

அக்கா மகன் தேவிபட்டினத்தில் பிளஸ் ஒன் படிக்கிறான். மச்சான் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: முதல் காம்பவுண்டு வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்), கட்டுப்படியாகும் விலையில், எதை வாங்குவது? மச்சானுக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக ஆசை. மருமகனுக்கு 50 மீட்டர் இலக்கில் அம்பு விட ஆசை.

வேட்டை விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். டெக்சாஸில் நில உரிமையாளர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியை வேட்டையாட 2019-லிருந்து லைசென்ஸ்கூட வேண்டாம். நம் பக்கம் நிலைமை நேர் எதிர். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், மான், மயில் எதன் மேலும் அம்பு விடக்கூடாது. கருவேலங்காட்டிலிருந்து பன்றி வந்து வயலைக் கிளறிவிட்டுப் போனாலும் வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். வளரி எறிந்த சீமை என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வந்திறங்கும் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தச் சட்டம் இருப்பதே நல்லது என்றுதான் சொல்வேன். ஆகவே இங்கே வில் என்றால் இலக்குக்கு மட்டும். வேட்டை அம்புமுனைகளை வாங்கவே வேண்டாம்.

இருந்தும் இருவருக்கும் ஒரே அலசல் பொருந்தும். விலை குறைந்த காம்பவுண்டு வில்களில் பெரும்பாலானவை வேட்டைக்கென்று செய்த குட்டை வில்களே.

வில்லைப் பார்ப்பதற்கு முன் கையை அளக்க வேண்டும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய உங்கள் ட்ரா லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளம், வந்துவிடும். மருமகனுக்கு 65 அங்குலம், அப்படியானால் 26. சக்கரமில்லாத ரிகர்வ் வில்லை அரை அங்குலம் கூடக்குறைய இழுத்தாலும் சமாளிக்கலாம். காம்பவுண்டில் காம் என்கிற முனைச் சக்கரம் சுற்றி முடிந்த இடத்தில் நாண் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அளவு தப்பினால் முழங்கையும் தோளும் தப்பாகவே பழகும். பையன் இன்னும் வளர்வான், அடுத்த வருஷம் 27 ஆகலாம். அதனால் அளவை மாற்ற முடிகிற வில்தான் அவனுக்குச் சரி.

அதற்கென்றே வந்தவை டைமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பேர் க்ரூசர் ஜி2 போன்ற அமெரிக்க வில்கள். இரண்டிலுமே இழுவிசை 5 முதல் 70 பவுண்டு வரை ஏறும், இறங்கும். இழுக்கும் நீளம் முன்னதில் 13 முதல் 31 அங்குலம், பின்னதில் 12 முதல் 30. மாற்றுவதற்கு ஆலன் கீ போதும். வில்லை அமுக்கிப் பிடிக்கும் போ பிரஸ் தேவையில்லை. குறை என்னவென்றால் வில்லின் நீளம், சக்கர அச்சுக்கு அச்சு, 30 அங்குலம் சொச்சம்தான். குட்டை வில்லில் கை நடுக்கம் சீக்கிரம் தெரியும். புதருக்குள் நிற்கும் மச்சானுக்கு அது வசதி, 50 மீட்டரில் நிற்கும் மருமகனுக்கு அது சிரமம். 80 செ.மீ. இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 8 செ.மீ. தானே.

சீன வில்களில் டோபாயிண்ட் ட்ரைகானை எடுத்துக்கொள்வோம். 19–70 பவுண்டு, 19–30 அங்குலம். பிளஸ் ஒன் பையனுக்கு இது தாராளம். விலையும் நன்றாகவே குறையும். கூடவே வரும் சைட்டும் (குறிபார்க்கும் கருவி) ரெஸ்ட்டும் (அம்பு தாங்கி) சுமார்தான், பழகுவதற்குப் போதும். நான் கவலைப்படுவது நாணைப் பற்றி. நாணும் கேபிளும் தேய்கிற பொருள். பணம் கொடுக்குமுன் "இந்த மாடலுக்கு உபரி நாண் செட் கையில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இழுத்தடித்தால் வேறு கடை பாருங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். அங்கே போடும் ஐபிஓ வேகம் (வில் வேட்டை அமைப்பு ஒன்றின் அளவுமுறை) என்பது 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் எடுத்தது. 40 பவுண்டு, 26 அங்குலத்தில் அந்த வேகம் வராது.

மூன்றாவது, யாரோ போட்டிக்குப் பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய வில். நீளமானது, நிதானமானது, கேட்க ஆசையாக இருக்கும். எனக்கும் இருந்தது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து லிம்பின் (வில்லின் வளையும் கை) மேல் மெதுவாக இழுத்தேன். காமுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் நாலைந்து இழைகள் சிக்கி நின்றன. கண்ணுக்குத் தெரியாத கீறல். அந்த லிம்ப் இழுக்கும்போது முறிந்திருந்தால் முகத்துக்கு நேராகத்தான் தெறித்திருக்கும். விற்றவர் போனை எடுக்கவே இல்லை. பஞ்சுச் சோதனையை வாங்கும் இடத்திலேயே செய்யுங்கள். அதோடு, பழைய போட்டி வில்களில் பலவற்றுக்கு இழுக்கும் நீளத்தை மாற்ற காமில் பொருத்தும் வேறு மாட்யூல் வேண்டும், நாண் மாற்ற போ பிரஸ் வேண்டும். தேவிபட்டினத்தில் அதற்கு எங்கே போவது?

என் முடிவு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. மச்சானுக்குப் பக்கத்திலேயே வில் கடை இருக்கிறது. கடைக்காரர் பார்த்துக் கொடுக்கும் பழைய வில்லே அவருக்கு லாபம். மருமகனுக்கு, வீட்டிலேயே ஆலன் கீயால் சரிசெய்ய முடிகிற புது வில். பணம் இருந்தால் அமெரிக்க வில், இல்லையென்றால் உபரி நாணோடு சீன வில். மொத்தக் காசையும் வில்லில் கொட்டிவிடவும் கூடாது. அம்பு, ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி), நாண் மெழுகு எல்லாம் தனிச் செலவு. அம்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்: இழுவிசையில் பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறைந்த எடையுள்ள அம்பும், அம்பே இல்லாமல் நாணை விடுவதும் வில்லை உடைக்கும்.

ரிகர்வ் இன்னும் மலிவு, அதுவும் நல்ல தொடக்கம்தான். ஆனால் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா காம்பவுண்டில் மூன்று தங்கம் வாங்கியதைப் பார்த்த பையனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது.

அவனுக்கு ட்ரைகான் வாங்கினோம். 30 பவுண்டில் ஆரம்பித்திருக்கிறான். பழந்துணி அடைத்த சாக்கு, பின்னால் ஆளுயர மணல் மேடு, 15 மீட்டர். கச்சான் காற்று ஏறுவதற்குள் காலையிலேயே முடித்துவிடுவான். அப்புறம் உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் அச்சையும் திருகுகளையும் ஈரமில்லாத துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, நாணில் மெழுகைத் தடவி விரலால் தேய்க்கிறான், விரல் சூடேறும்வரை.