சிலிப் சார்ட்டர்ஷிப்: காசு கட்டலாமா?

தெற்கு லண்டனில் ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். "சிலிப்பில் சேர்ந்தால் என்ன லாபம் அக்கா?" என்று புதிதாக வேலைக்கு வரும் நம்மவர்கள் கேட்கிறார்கள். சார்ட்டர்ஷிப் முடித்து, பெயருக்குப் பின்னால் எம்சிஎல்ஐபி என்ற எழுத்துகளை வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சிலிப் என்பது பிரிட்டன் நூலகர்களின் தொழில்முறை அமைப்பு. 1877இல் பிறந்த நூலகச் சங்கம், 2002இல் தகவல் அறிவியலாளர்களின் அமைப்போடு இணைந்து இந்தப் பெயரை எடுத்தது. 1898இல் கிடைத்த அரச சாசனம்தான் அதன் பெருமை.

சார்ட்டர்ஷிப் என்பது சிலிப் தரும் தொழில்முறைத் தகுதி; அதற்குப் பரீட்சை கிடையாது. திறன் பட்டியல் ஒன்றில் நமக்கு நாமே மதிப்பெண் போட்டு, குறையுள்ள இடங்களைச் சரிசெய்து, ஆதாரங்களோடு ஒரு தொகுப்பு கொடுக்க வேண்டும். கூடவே ஆயிரம் சொல்லில் ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை. உயிரை வாங்குவது அதுதான். யாருமே எடுக்காத பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கழித்துவிட்டு, அந்த அலமாரியில் இருமொழிக் குழந்தைப் புத்தகங்களை வைத்ததைப் பற்றி எழுதினேன். என் வழிகாட்டி ஒவ்வொரு பத்தி ஓரத்திலும் ஒரே கேள்வியைக் குறித்திருந்தார்: "சரி, அதனால் என்ன மாறியது?" செய்த வேலையைச் சொல்வது சுலபம். எந்த அம்மா பிள்ளையோடு திரும்பி வந்தார், எந்தப் புத்தகம் வெளியே போனது என்று காட்டுவதுதான் கஷ்டம். கட்டிய காசுக்கு எனக்குக் கிடைத்த நல்ல சரக்கு இந்த வழிகாட்டிதான்.

பெருமைக்கு ஒரு கதையும் உண்டு. இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் நம்ம ஊர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் லண்டனுக்குப் படிக்க வந்தபோது அவருக்கு ஆசானாக வாய்த்தவர் குரோய்டன் நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸ். ஊர் திரும்பி 1928இல் அவர் முன்னின்று தொடங்கியதுதான் சென்னை நூலகச் சங்கம். சங்கமும் அவரும் விடாமல் முயன்றதில் 1948இல் மதராஸ் பொது நூலகச் சட்டமே வந்தது.

இங்கே சட்டம் கைகொடுக்காது. முழுமையான, திறமையான நூலகச் சேவை தர வேண்டும் என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்குச் சொல்கிறது. தகுதி பெற்ற நூலகர்தான் அதை நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை. பதிவில்லாதவர் மருத்துவராக வேலை பார்க்க முடியாது; நூலகர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் பல ஊர்களில் கிளை நூலகங்களைத் தன்னார்வலர்கள் கையில் ஒப்படைக்க முடிந்தது. எம்சிஎல்ஐபி வந்த பிறகும் என் சம்பளத்தில் ஒரு பென்னி ஏறவில்லை. ஆனால் பல்கலைக்கழக, மருத்துவமனை நூலக விளம்பரங்களில் சார்ட்டர்ஷிப் இருந்தால் நல்லது என்று போடுகிறார்கள். அந்தப் பக்கம் தாவ நினைப்பவர்களுக்கு உதவும்.

இன்னொன்று, சிலிப் தொழிற்சங்கம் இல்லை. ஆட்குறைப்புக் கடிதம் வந்தால் உங்களோடு கூட்டத்தில் வந்து உட்கார ஆள் அனுப்பாது; அதற்கு யுனிசன் மாதிரி ஒன்றில் தனியாகச் சேர வேண்டும். நான் இரண்டுக்கும் கட்டுகிறேன், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே. சந்தா நின்றால் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளும் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊரில் எம்.எல்.ஐ.எஸ்.சி. என்ற நூலக அறிவியல் முதுகலைப் பட்டம் முடித்து வந்து கவுண்டர் வேலையில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறவர்கள் அந்தக் காசில் ஊருக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை வழிகாட்டிக்கு.