ராக் சக்கர் சுப்ரீம்: ரைஃபிள் தோட்டா மறுநிரப்பும் மேசைக்கு ஏற்ற தொகுப்பா?

ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்ப, அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பிரஸ்ஸை (கூட்டை அச்சுக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவியை) வாங்கலாம் என்பதைத்தான். மறுநிரப்பும் கருவிகளைச் செய்யும் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் சுப்ரீம் தொகுப்பைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு இது நல்ல விடை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் பிரஸ்ஸுக்கு முன்பே மேசையும் தராசும் முடிவாகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் இந்தத் தொகுப்பின் நிறைகுறைகள் பெரும்பாலும் அவ்விரண்டையும் பொறுத்தே வெளிப்படுகின்றன. மறுநிரப்புவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. உரிமமும் அனுமதியும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பிரஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். இது வார்ப்பிரும்பால் ஆன, நான்கு பக்கமும் மூடிய வளைய வடிவச் சட்டம் கொண்ட ஒற்றை நிலைப் பிரஸ். நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒரு கூட்டில் ஒரு வேலை மட்டுமே நடக்கும். முன்பக்கம் திறந்த சட்டமுள்ள பிரஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை கைக்கும் வசதியானவை. ஆனால் சுட்ட பித்தளைக் கூட்டை முழு நீள டையில் (கூட்டை முழுவதும் அழுத்தும் அச்சில்) செலுத்தி மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும்போது, திறந்த சட்டம் மயிரிழை அளவுக்காவது விரிந்துகொடுக்கும். அந்த விரிவு கூட்டுக்குக் கூடு மாறினால், கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் தோள் பகுதி பின்னுக்குத் தள்ளப்படும் அளவும் மாறும். விளைவாக ஒரு தோட்டா துப்பாக்கியின் அறையில் தளர்வாகவும் அடுத்தது இறுக்கமாகவும் உட்காரும். ராக் சக்கரில் அந்தத் தொல்லை இல்லை. கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் டையின் அடிப்பகுதியைத் தொட்ட பிறகு நெம்புகோல் கெட்டியாக நின்றுவிடுவதைக் கையே உணர்கிறது. டை பொருத்தும் துளை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 இழையும் உள்ள வழக்கமான அளவு என்பதால், வேறு நிறுவனங்களின் டைகளும் இதில் பொருந்தும்.

இத்தனை உறுதியான பிரஸ்ஸை உறுதியற்ற மேசையில் பூட்டினால் பயனில்லை. கூடு டைக்குள் போகும்போது நெம்புகோலைக் கீழே அழுத்துகிறோம். மேசையின் முன்விளிம்பும் கீழே அழுந்துகிறது, அதைக் கால்கள் தாங்கிக்கொள்கின்றன. நெம்புகோலை மேலே தூக்கும்போதுதான் சோதனை. டையின் நடுவிலுள்ள விரிப்பான் உருண்டை கூட்டின் கழுத்து வழியாக இழுபட்டு வெளிவரும் அந்தக் கணத்தில், எடை குறைந்த மேசை முன்பக்கமாகத் தரையிலிருந்து எழும்பப் பார்க்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகள் இரண்டை ஒட்டி மேற்பலகை செய்து, ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளை அகன்ற வாஷர்களோடு பூட்டி, பின்பக்கத்தைச் சுவரோடு பிணைத்துவிட்டால் இந்த ஆட்டம் அடங்கும். மர ஸ்க்ரூ போதாது, நாளடைவில் துளை பெருத்துவிடும். பிரஸ்ஸை மேசையின் நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர்மேலே வைப்பது நல்லது. கீழ்த்தட்டில் குண்டுப் பெட்டிகளை அடுக்கினால் அவற்றின் எடையும் உதவும்.

தொகுப்பில் வரும் தராசு மின்னணுத் தராசு அன்று. காந்தத்தால் ஆட்டம் தணிக்கப்படும் பழைய வகைத் துலாக்கோல். பெட்டியைத் திறந்தவுடன் பலர் இதை ஒதுக்கிவிட்டு டிஜிட்டல் தராசைத் தேடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் சாயவில்லை. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். வெடிமருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை, அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் வரை நிறுக்க வேண்டியிருக்கிறது. ஓர் அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நுண்மையில் மலிவான மின்னணுத் தராசுகள் அறைச் சூடு, மின்விசிறிக் காற்று, நிலைமின்சாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் அசைந்துகொடுக்கின்றன. நான் முன்பு வைத்திருந்த ஒன்று, தட்டில் எதுவும் இல்லாதபோதே சுழியிலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். துலாக்கோலில் முள் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடி, சுழிக் கோட்டருகே தயங்கி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணை அந்தக் கோட்டுக்கு நேர்மட்டத்தில் வைக்காவிட்டால் அளவு பிசகும். பொறுமை கேட்கும் கருவிதான், ஆயினும் மின்கலம் தீர்வதும் சுழி தானே நகர்வதும் இதில் இல்லை. எடை சரிபார்க்கும் படிக்கற்களைத் தனியாக வாங்கிக்கொண்டு ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் சோதிப்பது எந்தத் தராசுக்கும் அவசியம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை அமைப்பான சாமி (SAAMI) வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. முகத்துக்குச் சில அங்குலங்கள் முன்னால் எழும் அழுத்தம் அது என்பதை நினைத்தால், தராசு விஷயத்தில் சிக்கனம் பார்க்கத் தோன்றாது.

யூனிஃப்ளோ என்னும் மருந்தளவி உருளை வகையைச் சேர்ந்தது. உருண்டை மணிகளாக இருக்கும் மருந்தை அது சீராகக் கொட்டுகிறது. நீள்குச்சி வடிவ மருந்தில், உருளை சுழலும்போது குச்சிகள் குறுக்கே சிக்கி நறுக்கென்று வெட்டுப்படுகின்றன, அளவும் சற்றே மாறுகிறது. உருளை வகை அளவி எதற்கும் உள்ள குணம் இது. இலக்குக்குச் சற்றுக் குறைவாகக் கொட்டி, மீதியைத் தராசுத் தட்டில் மணிமணியாகச் சேர்ப்பதே வழக்கமான தீர்வு. கையால் பிரைமர் பொருத்தும் கருவியைப் பற்றிப் புகார் இல்லை. பிரைமர் பள்ளத்தின் அடியைத் தொடுவது விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே அது அமர்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தால் போதும்.

கூடுகளுக்குத் தடவும் எண்ணெயும் அதற்கான பஞ்சுப் பட்டையும் தொகுப்பிலேயே உள்ளன. இதில் அளவு முக்கியம். குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொண்டு, அடிவிளிம்பு பிய்ந்துவரும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும்; மிகுந்தால் எண்ணெய் போக வழியின்றித் தோள் பகுதியில் பள்ளம் விழும்.

பெட்டியில் இல்லாதவற்றை வாங்கும் முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டைகளும் ஷெல் ஹோல்டரும் தோட்டா வகையைப் பொறுத்தவை என்பதால் அவை இல்லாதது புரிந்துகொள்ளக்கூடியதே. கூட்டின் நீளத்தை நுட்பமாக அளக்கும் கேலிப்பரும் அதைக் குறைக்கும் டிரிம்மரும் இல்லாததுதான் தொகுப்பு என்ற பெயருக்குப் பொருந்தவில்லை. சுட்டு, மீண்டும் டையில் செலுத்தும் ஒவ்வொரு முறையும் பித்தளை நீள்கிறது. .308 கூட்டுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிக் கொண்டுவர வேண்டிய நீளம் 2.005. உச்ச நீளத்தைத் தாண்டிய கூட்டின் வாய் அறையின் முன்விளிம்பில் முட்டி, குண்டை விடாமல் நெரித்துக்கொள்ளும். அப்போது மருந்தின் அளவு சரியாகவே இருந்தாலும் அழுத்தம் எகிறும். ஆகவே கேலிப்பரையும் டிரிம்மரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க இயலாது.

மறுநிரப்புக் கையேட்டை, கருவிகளைத் தொடுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். அதில் கொடுத்திருக்கும் மிகக்குறைந்த மருந்தளவிலிருந்து தொடங்கி மேலே செல்வதே முறை. மேசையில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். ரைஃபிள் தோட்டாவில் ஒரு சாதகம் உண்டு. வழக்கமான மருந்தளவு பெரும்பாலும் கூட்டின் பாதிக்கு மேல் நிரப்பிவிடுவதால், தவறி இருமுறை கொட்டினால் மருந்து வழிந்து கண்ணில் படும். அப்படியிருந்தும் கூடுகளை அடுக்கும் பலகையில் வைத்து, விளக்கொளியில் எல்லாவற்றின் மட்டமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்த பிறகே குண்டைப் பொருத்துகிறேன். மருந்தை அதன் மூல டப்பாவிலேயே வைக்க வேண்டும். காற்றுப்புகாத இரும்புப் பெட்டகத்தில் பூட்டுவது பாதுகாப்பாகத் தோன்றலாம், ஆனால் தீப்பற்றினால் அழுத்தம் வெளியேற வழியின்றி அதுவே வெடிகலமாகிவிடும். மரப்பெட்டியே பொருத்தமானது. சுட்ட பிரைமர்களின் கரியில் ஈயம் கலந்திருக்கிறது; அவற்றைப் பிடிக்கும் தட்டைக் காலி செய்த கையோடு எதையும் உண்ணாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் புழங்கும் அறையில் இந்த மேசை இருக்கக் கூடாது.

வேட்டைக்கோ நெடுந்தூர இலக்குப் பயிற்சிக்கோ ஒரு மாலையில் ஐம்பது தோட்டாக்களைக் கவனமாகச் செய்ய விரும்புகிறவருக்கு இந்த வேகம் போதும். ஓர் அமர்வில் நூற்றுக்கணக்கில் சுடும் போட்டியாளருக்கு, ஒரே நெம்பில் பல வேலைகளை முடிக்கும் முற்போக்கு வகைப் பிரஸ்ஸே தேவை. அவர் இதை வாங்கினால் சலித்துப்போவார். முதல் கையாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வார்ப்பிரும்புச் சட்டம் எளிதில் பழுதாவதில்லை என்பதால் பழைய ராக் சக்கர்கள் நல்ல நிலையில் கைமாறுகின்றன. அப்படி வாங்கும்போது, ஷெல் ஹோல்டரைத் தாங்கி ஏறி இறங்கும் தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்துத் தளர்ச்சி உண்டா என்று பாருங்கள்; டையை விரலால் மட்டுமே திருகி, இழை எங்கும் பிடிக்காமல் இறங்குகிறதா என்றும், ஷெல் ஹோல்டர் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து வட்டமாகாமல் இருக்கிறதா என்றும் சோதித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.