300 வாட்ஸ் என்று எழுதிக் கொடுத்த பேஸ் அம்ப்

பழைய பேஸ் கிட்டார் அம்ப் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டி) வாங்க மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கடை ஏறி இறங்குகிறவர்கள், காசைக் கொடுக்க முன்னம் இதை வாசித்துவிடுங்கள். 85,000 ரூபாய்க்கு எனக்கு விற்ற பெட்டி சொன்ன சத்தத்தைத் தரவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். அதே கடை ரிப்பேர் பண்ணித் திருப்பித் தந்தபோது அது ஆளைக் கொல்லக்கூடிய நிலையில் இருந்தது. அதை விட முடியாது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன நடந்தது, எதைப் பார்த்தால் பிடிபடும் என்பதை எழுதுகிறேன்.

நான் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். சாமத்திய வீடு, கல்யாணம், கோயில் திருவிழா மேடை என்று இசைக்குழு ஒன்றோடும் போவேன். சவுண்ட்ஸ்காரரின் மிக்சரில் நேரே செருகி வாசித்தால் சனத்துக்குக் கேட்கும், மேடையில் நிற்கிற எனக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்காது. "லீட் கிட்டார் அம்பில போடுங்களேன்" என்று சொல்பவர்கள் உண்டு. லீட் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ், பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே போய் அதே அளவு சத்தம் வரவேண்டும் என்றால் ஸ்பீக்கரின் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். லீட் கிட்டார் அம்பின் ஸ்பீக்கர் அந்த ஓட்டத்துக்குச் செய்ததில்லை, கூட்டி வாசித்தால் கிழிந்துபோகலாம். ஃபெண்டர் கம்பனி 1951இல் பேஸ் கிட்டாரை விற்கத் தொடங்கி, அடுத்த வருசமே அதற்கென்று பேஸ்மேன் என்ற அம்பையும் இறக்கியது சும்மா இல்லை.

300 வாட்ஸ் என்ற எண்ணில் பேஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 1969இல் வந்த அம்பெக் எஸ்விடி என்ற வால்வ் அம்ப் 300 வாட்ஸ். பெரிய மைதான மேடைகளில் பேஸ்காரருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெட்டிகள் அந்த வகைதான். கடை முதலாளிக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாது, எண் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"தம்பி, இது ஜப்பான் சாமான். 300 வாட்ஸ். பின்னால அடிச்சிருக்கு பாருங்க."

பின்னால் அடித்துத்தான் இருந்தது. 100 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ், 300 வாட்ஸ் என்று ஒரே வரியில். இதை இரண்டு தரம் வாசியுங்கள், ஏமாற்று இந்த வரியில்தான் இருக்கிறது. வோல்ட்டுக்கும் ஹேர்ட்ஸுக்கும் பக்கத்தில் இருக்கிற வாட்ஸ், அம்ப் சுவரில் இருந்து இழுக்கிற கரண்டின் கணக்கு. ஸ்பீக்கருக்குப் போகிற வாட்ஸ் வேறு. அது ஸ்பீக்கர் செருகுகிற துளைக்குப் பக்கத்தில், ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) கணக்கோடு சேர்ந்து இருக்கும். என் பெட்டியில் அந்த இடத்தில் '4 ஓம்' மட்டும் மிச்சம் இருந்தது, பக்கத்தில் சுரண்டின அடையாளம். கேட்டதற்கு, "பழைய சாமான் என்டா அப்படித்தான் மனே" என்றார்.

போனில் இருந்து வயர் போட்டு ஒரு குத்துப் பாட்டை ஓடவிட்டார்கள். கடையின் கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. பாட்டில் வருகிற அந்த அடி பெரும்பாலும் 60 முதல் 100 ஹேர்ட்ஸுக்குள் நிற்கும். அதைக் கொடுக்க ஒரு சாதாரண கார் ஸ்பீக்கருக்கே முடியும். என் கிட்டாரைக் கொண்டுபோயிருந்தேன். செருகி வொல்யூமைக் கூட்டப் போனால், பக்கத்துக் கடைக்காரர் ஏசுவார், மெதுவாக வாசியுங்கள் என்றார்கள். பாட்டுக்கு ஏசாத பக்கத்துக் கடைக்காரர்! பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், கழற்றினால் வொரண்டி போய்விடும் என்றார்கள். ஒன்றில் மட்டும் நான் விடவில்லை. பில்லில் '300 வாட்ஸ் பேஸ் அம்ப், ஒரு மாத வொரண்டி' என்று எழுதி வாங்கினேன். முதலாளிக்கு முகம் கறுத்தது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம் சொல்கிறது, அதனால் யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டியும் தந்தார்கள், மேலே 500 வாட்ஸ் என்று ஸ்டிக்கர். ஒரு கையால் தூக்க இலகுவாக இருந்தது. 500 வாட்ஸ் தாங்குகிற செம்பும் இரும்பும் அப்படி இலகுவாக இருக்க வழியில்லை.

முதல் வேலை களுவாஞ்சிகுடியில் ஒரு சாமத்திய வீடு. திறந்த முற்றம், மேலே தகரப் பந்தல். சுவர் இல்லாத இடத்தில் பேஸ் சத்தம் நிற்காது, அறைக்குள் போதுமான அம்ப் வெளியில் பாதியாகத் தெரியும். அது எந்த அம்புக்கும் உள்ளதுதான். ஆனால் இது ஈ கம்பியைத் தட்டினால் சுருதியே இல்லாமல் 'பர்ர்' என்று கிழிந்தது. மிக்சரில் கொடுத்ததும் விடாத இரைச்சல். ட்ரான்ஸ்போமர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் நேரம் ஃபியூஸ் போய்விட்டது, மிச்சப் பாட்டுகளுக்குக் கீபோர்ட்காரரின் இடது கைதான் பேஸ்.

வொரண்டி இருக்கிறதே என்று கடையிலேயே கொடுத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக் கடைசியில் தந்தார்கள். "எர்த் பிரச்சினை தம்பி. நம்மட பாஸ் எல்லாம் சரி பண்ணிட்டார்." பாஸ் என்றது கடையில் ரிப்பேர் பண்ணுகிறவரை. உண்மையில் இரைச்சல் அறவே இல்லை. ஃபியூஸும் போகவில்லை.

மாரி மழை தொடங்கியிருந்த நேரம். தேவாலயத்தில் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி, மண்டபத்தின் சீமெந்துத் தரை ஈரம். நான் வாசித்துக்கொண்டே இரண்டாம் குரலும் பாடுவேன். கம்பியில் விரல் இருக்க, உதடு மைக்கில் பட்டதும் கரண்ட் அடித்துப் பின்னால் இருந்த வாங்கில் போய் விழுந்தேன். சொண்டு கொதித்து வீங்கியது. கிட்டார் கையை விட்டு விலகினபடியால் தப்பினேன். பேஸ் கிட்டாரின் கம்பிகள், அவை மாட்டியிருக்கிற உலோகப் பாலம் வழியாக அம்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். மைக் மிக்சர் வழியாகச் சுவரின் எர்த்தோடு இணைந்திருக்கும். அம்பின் சட்டத்தில் கரண்ட் ஏறி, அதற்குப் போக எர்த் இல்லை என்றால், கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் நிற்கிற ஆள்தான் வயர். 1972இல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவில் வாசித்தவர்.

அதற்குப் பிறகு பெட்டியைக் காத்தான்குடியில் ரேடியோ, சவுண்ட் பெட்டிகள் திருத்துகிற ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம்) கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

"இத யாரு தம்பி செஞ்ச? இவனுக்குப் புள்ள குட்டி இல்லியா?"

ஜப்பான் சாமான்களில் இரண்டு முனைப் பிளக்கோடு பச்சை எர்த் வயர் ஒன்று தனியாக வரும். அந்தப் பச்சை வயரைச் சட்டத்துக்குப் பக்கத்தில் வெட்டி, நுனியை மடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். இரைச்சல் போனதன் இரகசியம் அதுதான். அம்பும் மிக்சரும் இரண்டு வழியாக எர்த்தில் இணைந்தால் ஒரு வளையம் உண்டாகி இரையும். அதற்குச் சரியான வைத்தியம், நடுவில் ஒரு டி.ஐ. பொக்ஸ் (சிக்னலை மிக்சருக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி) போட்டு அதில் இருக்கிற எர்த் சுவிட்சை மாற்றுவது. அந்தச் சுவிட்ச் சிக்னல் வயரின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்ட் எர்த் அப்படியே இருக்கும். இவர்கள் இரைச்சலை நிறுத்த உயிரைக் காக்கிற வயரை வெட்டியிருக்கிறார்கள்.

ஃபியூஸ் போகாததன் இரகசியம் அடுத்தது. ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பி. கரண்ட் வருகிற வயரை உள்ளே ஒட்டுப் போட்டு, மேலே சுற்றியிருந்தது செலோடேப். பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுகிற அதே செலோடேப். மழை ஈரத்தில் அது உரிந்து, செம்பு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரும் பெட்டியோடு வந்ததில்லை. மரத்தில் பழைய திருகாணித் துளைகள் ஒரு வட்டமாகவும் புதிய துளைகள் இன்னொரு வட்டமாகவும் இருந்தன. ஓம் அளக்கிற மீற்றரை ஸ்பீக்கரில் வைத்தால் 6 ஓம் சொச்சம் காட்டியது. மீற்றரில் 6 அளவில் காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 3, மூன்றரை அளவில் நிற்கும். 4 ஓமுக்குச் செய்த அம்பில் 8 ஓம் போட்டால் ஒன்றும் எரியாது, வாட்ஸ் குறையும். காக்கா ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம் லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலான மின்தடை) ஒன்றைப் போட்டு, அலையைத் திரையில் காட்டுகிற ஸ்கோப்பில் அது கிழியும் வரைக்கும் ஏற்றிப் பார்த்தார். சுத்தமாக வந்தது 22 வோல்ட் வரைக்கும். 22ஐ 22ஆல் பெருக்கி 8ஆல் பிரித்தால் 60 வாட்ஸ். பில்லில் இருந்தது 300.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 300 போய் 60 வந்ததால் சத்தம் ஐந்தில் ஒரு பங்கு என்று அர்த்தமில்லை. வாட்ஸ் பத்து மடங்கு கூடினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு மாதிரித் தெரியும். 300க்கும் 60க்கும் 7 டெசிபெல்தான் வித்தியாசம். நல்ல 60 வாட்ஸ் அம்ப் ஒரு தேவாலயப் பயிற்சிக்குத் தாராளம். 60 என்று சொல்லி, 60க்குரிய விலைக்கு, எர்த்தோடு விற்றிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கிட்டாரோடு ஒரு மீற்றரையும் கொண்டுபோங்கள். பிளக்கின் எர்த் முனையில் (இரண்டு முனைப் பிளக் என்றால் பச்சை எர்த் வயரின் நுனியில்) மீற்றரின் ஒரு கம்பியையும் அம்பின் இரும்புத் திருகாணியில் மறு கம்பியையும் வைத்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும், அல்லது மீற்றர் கூவ வேண்டும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இடையில் ட்ரான்ஸ்போமர் இருந்தால் அதன் வழியாகவும் எர்த் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டு முனை மலிவு ட்ரான்ஸ்போமர்களில் வராது. பிறகு ஈ கம்பியை விரலால் அமத்தாமல் தட்டி, மேடை அளவு வொல்யூமில் ஐந்து நிமிடமாவது வாசியுங்கள். அதற்கு விடாத கடையில் என்ன பேச்சு?

காக்கா இன்னொன்றும் சொன்னார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நம்முடைய ஊர்களில் பழைய அம்பின் திருகாணிகள் பளபளவென்று புதிதாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டுமாம். உப்புக் காற்றில் ஜாக் துளை பச்சை பிடிக்கும், வொல்யூம் குமிழ் கரகரக்கும், ஸ்பீக்கரின் இரும்புக் கூடு கறள் கட்டும். அதெல்லாம் கொன்டாக்ட் கிளீனருக்கு அடங்குகிற வருத்தங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, துணியால் மூடி, மாரி காலத்தில் கிழமைக்கு ஒரு தரமாவது போட்டுச் சூடாக்கினால் போதும். பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

கடைக்குத் திரும்பிப் போனபோது எதிர்பார்த்த பதில்தான்: "நீங்க கழட்டிட்டீங்க, இனி வொரண்டி இல்ல." காக்கா எடுத்துத் தந்த படங்களையும் பில்லையும் மேசையில் வைத்து, மாவட்டச் செயலகத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்றேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 1977 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். பில்லில் அவர் கையாலேயே எழுதின 300தான் அவரைப் பேச விடாமல் செய்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு 60,000 திருப்பித் தந்தார். மிச்சம் 'பாவிச்ச தேய்மானம்' என்றார். கிறிஸ்மஸுக்கு அம்ப் தேவைப்பட்டதால் நான் அந்த மட்டில் விட்டேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், அக்கரைப்பற்றில் பேஸ் வாசிக்கிற ஒரு தம்பி போன கிழமை எனக்கு ஒரு படம் அனுப்பி, "அண்ணன், இது எடுக்கலாமா?" என்று கேட்டார். அதே பெட்டி. விலை 95,000 ஆகியிருக்கிறது, எனக்கு விற்ற கடையில் இல்லை, வேறு ஒருவரின் கையில். கறுப்பு ரெக்சின், ஒரு ஸ்பீக்கர் 15 இஞ்சி, இடது மேல் மூலையின் இரும்பு மூடி இல்லை, கைப்பிடியில் நீலக் கயிறு கட்டின அடையாளம், பின்பலகையில் கீழ் வலது திருகாணி மட்டும் பித்தளை. அது காக்கா போட்டது. அந்த எர்த் வயரை யாராவது திரும்ப ஒட்டியிருக்கிறார்களா என்று படத்தில் தெரியவில்லை. அந்தத் தம்பியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரிடமாவது அந்தப் படம் வந்தால், அதை அனுப்பினவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள்.