ஸ்டிலெட்டோவா, பிளாக் ஹீலா, வெட்ஜா? உயரத்த விடுங்க, சரிவ பாருங்க

ஹீல்ஸ் வாங்கறப்போ எல்லாரும் முதல்ல கேக்கறது "எத்தன இன்ச்?" தான். நானும் ரொம்ப வருஷம் 3 இன்ச்னா தாங்கும் 4 இன்ச்னா தாங்காதுன்னு ஒரு கணக்கு வச்சுகிட்டுதான் வாங்கினேன், ஆனா அதே 3 இன்ச்ல ஒரு ஜோடிய காலைல மாட்டி சாயங்காலம் கழட்டினாலும் ஒண்ணும் தெரியல, இன்னொரு ஜோடி ஒரு மணி நேரத்துலயே முன்பாதம் தீயா எரிய வச்சுடுச்சு. அதுக்கப்புறம்தான் நான் உயரத்த விட்டுட்டு வேற மூணு விஷயத்த பாக்க ஆரம்பிச்சேன்: பாதம் எவ்ளோ சரிவா நிக்குது, குதி எவ்ளோ அகலம், விரலுக்கு இடம் இருக்கா.

முதல்ல ஸ்டிலெட்டோ, அதாவது ஊசி மாதிரி ஒல்லியான உயரக் குதி. இத்தாலில ஒரு மெல்லிசான குத்துவாளோட பேரு அது. 1950கள்ல இந்த ஸ்டைல் பிரபலமாச்சு, குதிக்குள்ள ஸ்டீல் கம்பி வைக்க ஆரம்பிச்சதாலதான் அவ்ளோ ஒல்லியா பண்ண முடிஞ்சுது, வெறும் மரமா இருந்தா ஒடஞ்சிடும். போட்டா அழகு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா ஒவ்வொரு அடியிலயும் குதி பக்கத்து வெயிட் மொத்தமும் சுண்டுவிரல் நகம் அளவு இடத்துல இறங்குது, அதனால புல்தரைல புதையும், மரத்தரைல பள்ளம் விழும், சாக்கடை மூடி இடுக்குல மாட்டும். நடுவுல ஒரு விஷயம்: குதி நுனில இருக்கற சின்ன ரப்பர் தேஞ்சு உள்ள இருக்கற ஆணி தலை காட்டினதும் நடக்கற சத்தமே மாறும், மெத்துனு கேட்டது கிணுகிணுன்னு கேக்கும். அன்னைக்கே ரப்பர மாத்திடுங்க, பளிங்குத் தரைல அந்த ஆணி வழுக்கினா பிடிக்க ஒண்ணும் இருக்காது.

பிளாக் ஹீல பத்தி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, அதான் இத எழுதவே காரணம். குதி அகலமா இருக்கறதால கணுக்கால் ஆடாது, அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா முன்பாதத்துல விழற பாரம் குறையாது! அதே உயரம் அதே சரிவுன்னா ஸ்டிலெட்டோல எவ்ளோ முன்னாடி தள்ளுதோ கிட்டத்தட்ட அவ்ளோதான் இதுலயும் தள்ளும். "பிளாக் ஹீல்தானே"ன்னு 4 இன்ச் வாங்கிட்டு கால் எரியுதுன்னு சொல்றவங்கள நிறைய பாத்துட்டேன், பாவம், அவங்க ஏமாந்தது அகலத்த பாத்து. 2 இன்ச் பக்கம் வாங்கினா இத அடிச்சுக்க ஆளில்ல.

எரியறது குறையணும்னா பிளாட்ஃபார்ம்தான் உதவும். முன்னாடியும் அடி தடிமனா இருக்கும்ல, அத கழிச்சுப் பாருங்க: குதி 12 செ.மீ., முன்பக்கம் 4 செ.மீ.ன்னா பாதம் நிக்கற சரிவு 8 செ.மீ. தான். பிளாட்ஃபார்ம் இல்லாத 9 செ.மீ. ஸ்டிலெட்டோவ விட இது லேசு. ஆனா தடிச்ச அடி வளையாது, தரை காலுக்குத் தெரியாது, ஓரத்துல ஒரு கல்லு மேல பட்டா கணுக்கால் படக்குனு மடங்கும், அந்த உயரத்துல இருந்து மடங்கினா சுளுக்கு சாதாரணமா இருக்காது.

குதில இருந்து முன்பாதம் வரைக்கும் அடி ஒரே கட்டையா இருக்கற வெட்ஜுக்கும் இதே குறை உண்டு. இருந்தும் எனக்கு வெட்ஜ் மேல ஒரு தனிப் பாசம், அது பிறந்த கதையே அப்படி. 1930கள்ல இத்தாலி மேல பொருளாதாரத் தடை வந்து நல்ல ஸ்டீல் கிடைக்காம போச்சு, ஷூ நடுவுல பாதவளைவ தாங்கற ஷாங்க்ங்கற பட்டைக்கு அந்த ஸ்டீல்தான் வேணும், அப்போ சால்வத்தோரே ஃபெராகாமோங்கற இத்தாலிய ஷூ வடிவமைப்பாளர் குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய கார்க் வச்சே அடைச்சுட்டார். ஷாங்க்கே வேண்டாம்னு ஆயிடுச்சு. புல்லு, மணல், ஈரமண்ணு எதுவா இருந்தாலும் நான் வெட்ஜ்தான் எடுப்பேன்.

கிட்டன் ஹீல் 3லருந்து 5 செ.மீ. தான், ஆனா நிறைய மாடல்ல குதி ஒல்லி, முன்னாடி கூர்மூக்கு. கட்டைவிரல் பக்க எலும்பு புடைச்சு இருக்கறவங்களுக்கு உயரத்த விட அந்த மூக்குதான் வில்லன். தட்டையான பாலே ஃபிளாட்ஸும் எல்லாருக்கும் சொகுசு இல்ல, அடி காகிதம் மாதிரி இருந்தா குதிவலி இருக்கறவங்க தவிச்சுப் போவாங்க, அவங்களுக்கு 2-3 செ.மீ. குதியோட மெத்துனு இருக்கற ஷூ எவ்ளோவோ மேல்.

நாள் முழுக்க நிக்கணும்னா கால இழுத்துக் கட்டற ஸ்ட்ராப் வச்ச 2 இன்ச் பிளாக், உக்காந்தே இருக்கற நிகழ்ச்சின்னா ஸ்டிலெட்டோ, இதுதான் என் தேர்வு. ஸ்ட்ராப்ப ஏன் சொல்றேன்னா, பம்ப்ஸ்ங்கற ஸ்ட்ராப் இல்லாத ஷூல கால பின்னாடி இழுத்துப் பிடிக்க ஒண்ணும் இல்ல, பாதம் முன்னாடி வழுக்கி விரல் எல்லாம் மூலைல போய் நசுங்கும்.

வாங்கறது சாயங்காலமா இருக்கட்டும், அப்போதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். ஷூவ மேஜை மேல வச்சு குதிய ஒரு விரலால பக்கவாட்டுல தள்ளுங்க, ஆடினா திருப்பி வச்சுடுங்க. அப்புறம் ரெண்டு கையால வளைச்சுப் பாருங்க, விரல் மடங்கற இடத்துல வளையணும், நடுவுல வளைஞ்சா உள்ள ஷாங்க் சரியில்ல. கடைசியா ஒரு பேப்பர் மேல நின்னு பாதத்த வரைஞ்சு அதுமேல ஷூவ வைங்க, கோடு எந்தப் பக்கம் வெளிய தெரியுதோ அந்தப் பக்கம்தான் நாளைக்கு கொப்புளம் வரும்.